எண்ணெய் டின்னும் இரண்டு பழைய கதவுகளும்

போன வாரம் பிரியாவிடமிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி வந்தது. நான் ஓய்வு பெற்ற பிறகு எங்கள் ஊர் அங்கன்வாடி மையத்துக்கு வேலைக்கு வந்த பெண் அவள். "வசந்தாக்கா, வீணாப் போற பொருள்ல இசைக்கருவி செய்யணும்னு ஆர்டர் வந்திருக்கு. நீங்க செஞ்சதப் பத்தி இங்க இன்னும் பேசிக்கிறாங்க. என்னென்ன வேணும்னு ஒரு லிஸ்ட் மட்டும் அனுப்புங்க. அம்மாங்க குரூப்ல போட்டுடறேன்." கீழே கைகூப்பும் பொம்மைகள் மூன்று.

லிஸ்ட் மட்டுமாம். குத்தாலம் பக்கத்து ஊர் ஒன்றில், இரண்டு வயதுக்கும் ஐந்து வயதுக்கும் இடைப்பட்ட பிள்ளைகளோடு முப்பது வருடத்துக்கு மேல் தொண்டைத் தண்ணீர் வற்றக் கத்தியவள் நான். லிஸ்ட் கொடுத்தால் என்ன நடக்கும் என்று எனக்கு நன்றாகத் தெரியும். நானும் ஒரு முறை கொடுத்திருக்கிறேன்.

வேலைக்கு வந்த கதையைச் சுருக்கிவிடுகிறேன். பத்தாவது பாஸ். கல்யாணமாகி இந்த ஊருக்கு வந்தேன். மனு போட்டேன், கிடைத்தது. தஞ்சாவூரில் பயிற்சி என்று கொஞ்ச நாள் உட்கார வைத்தார்கள். அட்டையில் கிளி வெட்டினோம், சத்துமாவு உருண்டை பிடித்தோம், பிள்ளைகளை எடை போட்டுக் கோடு வரையக் கற்றுக்கொண்டோம். கடைசி நாள் ஒரு அம்மா வந்து, குழந்தைகள் பாட்டும் தாளமுமாக வளர வேண்டும், அதற்கு வேண்டிய கருவிகளைச் செலவில்லாமல் நீங்களே செய்துகொள்ள வேண்டும் என்று பேசினார். எப்படி என்று யாரோ கேட்டதற்கு, "உங்க கற்பனைதான்" என்று சொல்லிவிட்டு பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கிளம்பிவிட்டார்.

சரி, கற்பனைதானே என்று மையத்துக் கரும்பலகையில் எழுதிப் போட்டேன். காலி பாட்டில், காலி டப்பா, சோடா மூடி, கொட்டாங்கச்சி, கிழிந்த டியூப். எல்லாம் வீட்டில் கிடப்பவை. மறுநாள் காலையில் ஒரு அம்மா கும்பகோணத்தில் வாங்கிய புத்தம் புது எவர்சில்வர் டப்பா இரண்டைக் கொண்டுவந்து நீட்டினாள். விலைச் சீட்டு கூடப் பிய்க்கவில்லை. இன்னொருவர் இரண்டு லிட்டர் கலர் பாட்டிலை வாங்கி, வரும் வழியிலேயே வாய்க்காலில் கவிழ்த்துவிட்டு, காலி பாட்டிலைக் கொடுத்தார். அதை வீணாக்கத்தான் வாங்கினேன் என்பதுபோல முகத்தில் அவ்வளவு பெருமை. கொட்டாங்கச்சி கேட்டதற்கு மூன்று பேர் முழுத் தேங்காய் கொண்டுவந்தார்கள். ஒரு வாரத்துக்கு எங்கள் மையத்தில் தேங்காய்ச் சாதம்.

நான் தலையில் அடித்துக்கொண்டேன். "பழசு கேட்டா ஏன் புதுசு வாங்கிட்டு வர்றீங்க? வீட்ல ஒரு ஓட்ட டப்பா கூடவா இல்ல?" என்று கூட்டம் போட்டுக் கத்தினேன். எல்லாரும் தரையைப் பார்த்தார்கள். எவர்சில்வர் டப்பா கொண்டுவந்த அஞ்சலை மட்டும் நிமிர்ந்து பேசினாள். நாற்று நடப் போகிறவள்.

"எங்க அம்மா காலமெல்லாம் பண்ணையில குடுத்த பழசத்தான் டீச்சர் வாங்கிட்டு வந்துச்சு. பழைய புடவ, பழைய சோறு. எம்புள்ள பழசத் தூக்கிட்டுப் பள்ளிக்கூடம் வராது."

அதற்குப் பிறகு யாரிடமும் எதையும் கேட்டதில்லை. டீக்கடை, பஞ்சர் கடை, போர்வெல் போடுகிற இடம் என்று நானே அலைந்து பொறுக்கினேன். நானும் எங்கள் மையத்துச் சமையல் ஆயா செல்வியும் சாக்கைத் தோளில் போட்டுக்கொண்டு போவதைப் பார்த்து ஊரே சிரித்தது. சிரிக்கட்டும் என்று விட்டேன்.

கேட்காமலேயே ஒருவர் கொண்டுவந்ததையும் சொல்ல வேண்டும். சம்பா நடவு முடிந்திருந்த சமயம். பளபளவென்று நான்கு பாட்டில்கள். மோந்து பார்த்தால் பூச்சிமருந்து. "நல்லா கழுவிட்டேன் டீச்சர், சோப்புப் போட்டு" என்கிறார் அந்த மனிதர். எனக்கு வந்த கோபத்தில் என்ன திட்டினேன் என்று இப்போது எழுத முடியாது. அந்த நான்கையும் நானே குழி தோண்டிப் புதைத்தேன். அவர் முகம் சுருங்கிப் போனார். பாவம்தான், ஆனால் பாவம் பார்க்கிற விஷயமா அது?

இப்போது பிரியாவுக்காகச் செய்முறை. கிலுகிலுப்பைதான் எல்லாவற்றிலும் சுலபம் என்று நினைப்பார்கள். நானும் நினைத்தேன். சின்னத் தண்ணீர் பாட்டிலில் ஒரு கைப்பிடி நெல்லைப் போட்டு மூடினேன். அழகாகச் சலசலவென்று சத்தம். திங்கட்கிழமை வந்து பார்த்தால் பன்னிரண்டு பாட்டிலையும் எலி கடித்துக் குதறி நெல்லைத் தின்றுவிட்டுப் போயிருந்தது. அடுத்து உளுந்து. அதில் வண்டு வந்தது. கடைசியில்தான் புளியங்கொட்டை. அதை எலியும் சீந்தாது, வண்டும் சீந்தாது. மூடிக்கு உள்பக்கம் பஞ்சர் ஒட்டுகிற பசையைத் தடவி இறுக்கி, ஒரு பகல் காயவிட்டு, மேலே புடவைக் கிழிசலை இழுத்துக் கட்ட வேண்டும். பிறகு அதைச் சுவரில் ஓங்கி மூன்று தடவை அடிக்க வேண்டும். மூடி கழன்றால் குப்பைக்கு. கழலாவிட்டால்தான் பிள்ளை கைக்கு. மூன்று வயதுப் பிள்ளைக்குப் புளியங்கொட்டை கிடைத்தால் நேராக மூக்குக்குத்தான் போகும். இந்த மூன்று அடியை வீடியோவில் யாரும் காட்டுவதில்லை.

சோடா மூடி என்றால் விளிம்பைத் துணி துவைக்கிற கல்லில் வைத்துத் தட்டித் தட்டித் தட்டையாக்க வேண்டும். விரலால் சுற்றித் தடவிப் பார்த்து, உங்கள் விரல் கீறவில்லை என்றால்தான் ஆணியால் துளை போட்டுக் கம்பியில் கோக்கலாம். போர்வெல் பிளாஸ்டிக் குழாயைப் பெரிதும் சிறிதுமாக வெட்டிக் கட்டி, குழாயின் வாயில் ரப்பர் செருப்பால் அடித்தால் ஒவ்வொன்றும் ஒரு சுரம் பேசும். இதற்கு வந்த எதிர்ப்பு கொஞ்சநஞ்சமல்ல. சரஸ்வதியைச் செருப்பால் அடிக்கிறாள் இந்த டீச்சர் என்று ஒரு பெரியவர் கோயில் வாசலில் பஞ்சாயத்தே வைத்துவிட்டார். கடையில் காலில் படாத செருப்பாக ஒரு ஜோடி வாங்கி, அதன் மேல் மஞ்சள் தடவிக் காட்டிய பிறகுதான் அடங்கினார். புதுசு வாங்காதே என்று ஊரைத் திட்டியவள் நான்.

எல்லாவற்றுக்கும் ராஜா எங்கள் எண்ணெய் டின். டீக்கடையில் வடை போடுகிற எண்ணெய் வரும் சதுரத் தகர டின். வெந்நீரும் சாம்பலும் போட்டு நான்கு தடவை தேய்த்தும் வடை வாசனை போகவில்லை. வெட்டிய வாயைச் சுத்தியலால் உள்பக்கம் மடக்கித் தட்டி, கவிழ்த்து வைத்து, அடிப்பாகத்தைத் துணி சுற்றிய கட்டையால் அடித்தால் 'டொம்' என்று வயிற்றுக்குள் இறங்கும் சத்தம்.

அதை வைத்திருந்தது கதவுகளின் மேல். அடைமழை மாதங்களில் எங்கள் மையத்துத் தரையில் நீர் ஊறும். பாய் நனைந்து, பிள்ளைகள் நனைந்து, எல்லாருக்கும் சளி. இடித்த வீடு ஒன்றிலிருந்து பழைய தேக்குக் கதவுகள் இரண்டை வாங்கிவந்து, செங்கல் அடுக்கி அதன் மேல் மேடை மாதிரி போட்டிருந்தேன். பிள்ளைகளும் அதன் மேல், டின்னும் அதன் மேல். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

கனிஷ்கா வந்தது அப்படி ஒரு மழைக்காலத்தில். இரண்டரை வயது. அப்பா சிங்கப்பூரில். அம்மா சுகன்யா இருபத்துமூன்று வயதுப் பெண், மாமியாரோடு இருந்தாள். குழந்தை யாரோடும் பேசாது. ஆனால் டின்னை அடித்தால் போதும், எங்கே திரும்பி உட்கார்ந்திருந்தாலும் சட்டென்று திரும்பும். சிரிக்கும். இடுப்பை ஆட்டும், சரியாகத் தாளத்தில். மற்ற பிள்ளைகள் எல்லாம் ஆளுக்கொரு தாளத்தில் குதித்துக்கொண்டிருக்கும்போது இது ஒன்றுதான் பிசகாது. வளர்ச்சிப் பதிவேட்டில் 'சத்தத்துக்குத் திரும்புகிறதா' என்ற கட்டத்தில் நான் டிக் போட்டேன். நல்ல அழுத்தமாக.

ஒரு மாதம் கழித்து சுகன்யா வந்தாள். அன்றைக்கு எனக்கு ஏற்கெனவே தலைவலி. முட்டை வந்து சேரவில்லை, அடுப்பு எரியவில்லை, மூன்று பிள்ளைகள் ஒரே நேரத்தில் பாவாடையை நனைத்திருந்தார்கள்.

"டீச்சர், ஒண்ணு கேக்கணும்" என்றாள். "கூப்பிட்டா திரும்ப மாட்டேங்குது. பின்னால நின்னு பேர் சொன்னா அப்படியே இருக்கு. அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினாருன்னு அத்தை சொல்றாங்க. எனக்கு என்னமோ காது..."

"யாரு சொன்னா காது கேக்கலன்னு? போன்ல எதையாவது பாத்துட்டு வந்து இங்க உசிர எடுக்காதம்மா. இங்க பாரு."

குழந்தை எங்களுக்கு முதுகைக் காட்டிக் கதவு மேடையில் உட்கார்ந்திருந்தது. நான் கட்டையை எடுத்து டின்னில் ஒரு அடி போட்டேன். கனிஷ்கா திரும்பிச் சிரித்தது.

"பாத்தியா? இதுக்கா காது கேக்கல? இந்த மையத்துலயே ஒழுங்காத் தாளம் போடறது உம்புள்ள ஒண்ணுதான்."

சுகன்யா கண்ணைத் துடைத்துக்கொண்டாள். அவ்வளவு சந்தோஷம். மறுநாள் ஒரு டப்பா நிறைய முறுக்கு சுட்டுக் கொண்டுவந்தாள். நானும் செல்வியும் நான்கு நாள் வைத்துத் தின்றோம்.

இனி கோமதி மேடம். எங்கள் மேற்பார்வையாளர். பத்து வருடம் அந்த அம்மாவிடம் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். திட்ட மாட்டார். குரலை உயர்த்த மாட்டார். "நான் குறை சொல்லலைங்க வசந்தா" என்று ஆரம்பிப்பார். அதற்குப் பிறகு வருவது எல்லாம் குறை. பையிலிருந்து தன் சொந்த டம்ளரை எடுத்துத்தான் தண்ணீர் குடிப்பார். ஒரு பதிவேட்டில் எட்டுக்குப் பக்கத்தில் புள்ளி இருந்தால் அந்தப் புள்ளி என்ன என்று கேட்பார். ஈ உட்கார்ந்திருக்கும் என்று சொன்னால், "அப்படின்னா ஈ உக்காந்ததுன்னு எழுதி வைக்கலாமே" என்பார். கேலி இல்லை. நிஜமாகவே சொல்வார்.

கனிஷ்கா வந்து எட்டு மாதமாகியிருந்தது. செலவில்லாக் கருவிகளைப் படம் எடுத்து அனுப்ப வேண்டும் என்று மேலிருந்து உத்தரவு. மேடம் போனும் கையுமாக வந்து நின்றார். பிள்ளைகள் கிலுகிலுப்பையும் சோடா மூடியுமாக மேடையில் ஒரே அமர்க்களம். மேடம் ஒரு படம் எடுத்தார், பார்த்தார். இன்னொன்று எடுத்தார், பார்த்தார்.

"நான் குறை சொல்லலைங்க வசந்தா. இந்த டின்னு முன்வரிசைப் பிள்ளைங்க முகத்த மறைக்குது. இத ஜன்னல் கம்பில கட்டித் தொங்கவிட்டுடுங்க."

"மேடம், தொங்கவிட்டா ஆடும். சத்தமும் நல்லா வராது."

"படத்துல சத்தம் வராதுல்ல?"

படத்துக்காக ஒரு மேளத்தைத் தூக்கில் போடச் சொல்கிற ஆளிடம் என்ன பேசுவது? பல்லைக் கடித்துக்கொண்டு, பழைய சைக்கிள் டியூபைக் கயிறாகத் திரித்து ஜன்னலில் கட்டினேன். மேடம் படம் எடுத்துக்கொண்டு போனார். பார்வைக் குறிப்பில், 'டின் இடம் மாற்றப்பட்டது, நன்று. அப்படியே தொடரவும்' என்று எழுதி வைத்தார். எழுதிவிட்ட பிறகு இறக்கவும் முடியாது.

மறுநாள் பாட்டு நேரம். தொங்கும் டின்னை அடித்தேன். இருபது பிள்ளைகளும் குதித்தார்கள். கனிஷ்கா ஜன்னலைப் பார்க்கவே இல்லை. பாயின் ஓரத்தைப் பிய்த்துக்கொண்டிருந்தது. பக்கத்துப் பிள்ளை கைதட்டியதைப் பார்த்துத் தானும் கைதட்டியது. ஆனால் ஒரு தாளம் பிந்தித் தட்டியது. எல்லாரும் நிறுத்திய பிறகும் ஒன்று தட்டிவிட்டு நிறுத்தியது. இத்தனை நாள் தாளம் பிசகாத பிள்ளை.

உடம்பு சரியில்லையோ என்று நெற்றியைத் தொட்டுப் பார்த்தேன். சூடில்லை. இரண்டாம் நாளும் அப்படியே. மூன்றாம் நாள் சோதித்துப் பார்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

பிள்ளைகளைச் செல்வியிடம் விட்டு வெளியே அனுப்பிவிட்டு, கனிஷ்காவை மட்டும் தரையில் உட்கார வைத்தேன். முன்னால் கொஞ்சம் சோடா மூடிகள், அதற்கு விளையாட. பின்னால் நின்று கிலுகிலுப்பையை ஆட்டினேன். திரும்பியது. அப்பாடா என்று மூச்சு வந்தது. அப்புறம்தான் பார்த்தேன், என் நிழல் அதன் மடியில் விழுந்திருந்தது. வாசற்கதவைச் சாத்திவிட்டு, செருப்பில்லாமல் வேறு பக்கமாக வந்து, மறுபடியும் ஆட்டினேன். திரும்பவில்லை. வலது பக்கம் ஆட்டினேன். இடது பக்கம் ஆட்டினேன். செருப்பால் குழாயை அடித்தேன். தொங்கும் டின்னை, கட்டை உடைகிற மாதிரி ஓங்கி அடித்தேன். வெளியே பிள்ளைகள் அழ ஆரம்பித்தார்கள். கனிஷ்கா மூடிகளை அடுக்கிக்கொண்டிருந்தது.

டின்னை இறக்கினேன். குழந்தையைத் தூக்கிக் கதவு மேல் உட்கார வைத்தேன். டின்னையும் அதன் மேல் கவிழ்த்து, முதுகுக்குப் பின்னால் மெதுவாக ஒரு அடி போட்டேன். திரும்பிச் சிரித்தது. இடுப்பை ஆட்டியது.

குழந்தைக்கு டின் சத்தம் ஒரு நாளும் கேட்டதில்லை. மரத்தின் அதிர்வு தொடையில் ஏறியிருக்கிறது. ஒரு தாய் சந்தேகப்பட்டு என்னிடம் வந்தாள். நான் அதட்டி, நிரூபித்து, திருப்பி அனுப்பினேன்.

அன்று மதியமே பதிவேட்டை எடுத்துக்கொண்டு குத்தாலம் ஆபீசுக்குப் போனேன். கோமதி மேடம் மேசையில் டிபன் டப்பாவைத் திறந்துகொண்டிருந்தார். முழுவதையும் சொன்னேன். முறுக்கு வரைக்கும் சொன்னேன். எட்டு மாதமும் டிக் இருந்த பக்கங்களைக் காட்டினேன். உள்ளுக்குள் எனக்கு ஒரு சபலம் இருந்தது. பேனாவை எடுத்து, "அடிச்சுத் திருத்திடட்டுங்களா மேடம்?" என்று கேட்டேன்.

"அடிக்காதீங்க" என்றார். டிபனை மூடி ஓரமாக வைத்தார். "அது அப்படியே இருக்கட்டும். கீழே இன்னிக்குத் தேதி போட்டு, இன்னிக்கு என்ன தெரிஞ்சுதுன்னு எழுதுங்க. எப்படித் தெரிஞ்சுதுன்னும் எழுதுங்க. கதவு, டின்னு, எல்லாம். நாளைக்கு டாக்டர் பாத்தா அவருக்குப் புரியணும்."

எழுதினேன். முக்கால் பக்கம் வந்தது. மேடம் வரி வரியாகப் படித்து, 'மெதுவாக' என்று நான் எழுதியிருந்த இடத்தில், "எத்தன அடி?" என்று கேட்டார். ஒரே அடி என்று சேர்த்தேன். அந்த நேரத்திலும் அந்த அம்மா மேல் எரிச்சல் வந்தது. ஆனால் அவர் அந்தப் படம் கேட்டிருக்காவிட்டால் அந்தப் பிள்ளை இன்னும் எத்தனை மாதம் அந்தக் கதவு மேல் உட்கார்ந்து என்னை ஏமாற்றியிருக்கும் என்று நினைத்தால், எரிச்சல் எங்கே போகும்? என்னிடம்தான் திரும்பி வரும்.

சுகன்யாவிடம், "தஞ்சாவூர்ல ஒரு தரம் காட்டிடலாம்மா, எனக்கும் இப்ப சந்தேகமா இருக்கு" என்று மட்டும் சொன்னேன். ஏன் சந்தேகம் என்று அவள் கேட்கவில்லை. மேடம், நான், சுகன்யா, குழந்தை நால்வரும் காலை பஸ்ஸில் போனோம். குழந்தையைத் தூங்க வைத்து, தலையில் ஒயர் ஒட்டி ஒரு சோதனை செய்தார்கள். சோதித்த பெண் சின்னவள், கனிவாகத்தான் பேசினாள். இரண்டு காதுமே கேட்காது, அறுவை சிகிச்சை செய்து கருவி வைக்கலாம், அரசுத் திட்டத்தில் செலவில்லாமல் ஆகும், ஆனால் எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு நல்லது என்றாள். "இன்னும் கொஞ்சம் முன்னாடி வந்திருக்கலாம். உங்களுக்குச் சந்தேகமே வரலையாம்மா?"

"வந்துச்சுங்க" என்றாள் சுகன்யா. "டீச்சரக் கேட்டேன். கேக்குதுன்னு சொன்னாங்க."

குற்றம் சொல்லும் குரலில் அவள் சொல்லவில்லை. கேட்டதற்குப் பதில் சொன்னாள், அவ்வளவுதான். நான் அவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். கோமதி மேடம் தன் டம்ளரை எடுத்து, தண்ணீர் ஊற்றி என்னிடம் நீட்டினார். அவர் டம்ளரை வேறு யாருக்கும் கொடுத்து நான் பார்த்ததில்லை.

அறுவை சிகிச்சை நடந்தது. அது முடிந்தால் பேச்சு தானாக வந்துவிடும் என்று ஊரில் பாதிப் பேர் நினைத்தார்கள். வரவில்லை. வாரத்துக்கு மூன்று நாள், இரண்டு வருடத்துக்கு மேல், சுகன்யா அந்தப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பேச்சுப் பயிற்சிக்குப் போய் வந்தாள். அறுவடை நாளும் போனாள், மழையிலும் போனாள். மாமியார் முணுமுணுத்தார். சில நாள் நானும் கூடப் போனேன். பஸ்ஸில் அவள் பக்கத்திலேயே உட்கார்ந்து எவ்வளவோ பேசியிருக்கிறேன். பதிவேட்டில் எழுதியதை, மேடத்திடம் சொன்னதை, அவளிடம் மட்டும் சொன்னதில்லை. அவளுக்குத்தான் எல்லாம் தெரியுமே என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன். தெரிவது வேறு, நான் சொல்வது வேறு என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

ஓய்வு பெறும்போது மையத்துக்குப் புதுக் கட்டடம் வந்துவிட்டது. தரையில் டைல்ஸ். பெட்டியில் பிளாஸ்டிக் இசைக்கருவிகள் வந்தன. உடைந்தால் யார் பதில் சொல்வது என்று அதைப் பூட்டியே வைத்திருந்தார்கள். எண்ணெய் டின்னைப் பழைய இரும்புக்காரனுக்குப் போடப் போனார்கள். நான் பிடுங்கிக்கொண்டு வந்து வீட்டில் உளுந்து போட்டு வைத்திருக்கிறேன். கதவு ஒன்று எங்கள் கொல்லைப்புறத்தில் பெஞ்சாகக் கிடக்கிறது.

பிரியாவின் செய்தி வந்த மறுநாள் சாயங்காலம் சுகன்யாவும் கனிஷ்காவும் வந்தார்கள். கனிஷ்கா இப்போது நான்காம் வகுப்பு. பேச்சு கொஞ்சம் இழுக்கும், ஆனால் நிறுத்த முடியாது. பள்ளியில் அதே உத்தரவாம், வீணாகும் பொருளில் இசைக்கருவி. சுகன்யா பையிலிருந்து எடுத்து வைத்தாள். கும்பகோணத்தில் வாங்கிய புது டின். பளபளவென்று, விலைச் சீட்டோடு.

"உனக்குமாடி புத்தி இப்படிப் போவும்?" என்று நான் ஆரம்பித்தேன். "இத்தன வருஷம் எங்கூட இருந்துட்டு."

"பழசக் குடுத்து அனுப்ப மனசு வரல டீச்சர்" என்று சிரித்தாள்.

உளுந்தை முறத்தில் கொட்டி, பழைய டின்னைக் கொல்லைப்புறக் கதவின் மேல் கவிழ்த்து வைத்தேன். கனிஷ்கா கட்டையை வாங்கி இரண்டு அடி அடித்தாள். முகத்தைச் சுளித்தாள். "சத்தம் நல்லாவே இல்ல டீச்சர். தகரம் மாதிரி இருக்கு."

"தகரம்தாண்டி அது."

ஏதோ யோசித்தவள், காதுக்கு மேல் ஒட்டியிருந்த கருவியைக் கழற்றிப் பாவாடைப் பையில் போட்டுக்கொண்டாள். கதவின் மேல் குப்புறப் படுத்து, கன்னத்தை மரத்தில் வைத்துக் கண்ணை மூடினாள். "இப்ப அடிங்க."

மெதுவாக ஒரு அடி போட்டேன். அதே சிரிப்பு. மூன்று வயதில் பார்த்த அதே சிரிப்பு, இப்போது முன்பல் இரண்டு பெரிதாக முளைத்த முகத்தில். "இப்படித்தான் நல்லா இருக்கு" என்றாள் கண்ணைத் திறக்காமலேயே. "இன்னும்."

கட்டையைத் தூக்கிய கை அப்படியே நின்றுவிட்டது. பிள்ளைக்கு இப்போது எதுவும் கேட்காது. சுகன்யா எனக்கு அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள். அவளைப் பார்த்துச் சொல்ல என்னால் முடியவில்லை. டின்னைப் பார்த்துத்தான் சொன்னேன்.

"நீ அன்னிக்கு வந்து கேட்டே. நான்தான் ஒன்ன வெரட்டிட்டேன். ஏழு மாசம். தப்பு எம்மேலதான் சுகன்யா."

வேலியில் காய்ந்துகொண்டிருந்த துணியை அவள் ஒவ்வொன்றாக எடுத்து மடிக்க ஆரம்பித்தாள். அது என் வீட்டுத் துணி. இரண்டு புடவை, ஒரு துண்டு. மூன்றையும் மடித்துக் கதவின் ஓரத்தில், பிள்ளையின் காலடியில் வைத்தாள். முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"அடிங்க டீச்சர்" என்றாள். "புள்ள காத்துக்கிட்டு இருக்கு."